ஒரு டிக் போட்டால் ஒரு லட்சம் மாறும்... தெரியுமா?

ஆனைமலைப் பக்கம் நாலு பேர் கூடினால் தேங்காய்க் கணக்குத்தான்! எத்தனை மரம், மரத்துக்கு எத்தனை காய், எந்த வருஷத்துக் கன்று, போன வெட்டுக்கு என்ன விலை? இந்தக் கணக்கெல்லாம் இப்போது நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் குடிபோய்விட்டது. தோப்புக்காரர் எக்செல் திறக்கிறார். வேளாண்மை படிக்கும் அவர் மகள் எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர், ஸ்டேட்டா என்று புள்ளிவிவர மென்பொருள்களைத் திறக்கிறாள்.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ஒரு மூலை உண்டு. ‘ஆப்ஷன்ஸ்’, ‘செட்டிங்ஸ்’, ‘பிரிஃபரன்சஸ்’ என்று ஏதாவது ஒரு பெயர் போட்டிருக்கும். உள்ளே வரிசை வரிசையாகப் பெட்டிகள், டிக்குகள். நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை! அங்கே என்னென்ன கூத்து நடக்கிறது, தெரியுமுங்களா? வாங்க, ஒவ்வொரு பெட்டியாகத் திறப்போம்!

லட்சத்தைக் காணோம்!

ஆர் மென்பொருளில் 99999 என்று அடித்துப் பாருங்கள். 99999 என்றே காட்டும். 100001 அடித்தால் அதுவும் அப்படியே வரும். சரி, நடுவில் இருக்கும் 100000? திரையில் வருவது 1ஈ+05! நம்ம ஒரு லட்சம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. முழுசாக எழுத 6 இடம் வேண்டும். சுருக்கி எழுதினால் 5 இடம் போதும். எது குட்டையோ அதைத்தான் ஆர் காட்டும். ‘சைபென்’ என்ற ஒரே ஒரு செட்டிங்கை 999 ஆக்குங்கள். லட்சம் திரும்பி வந்துவிடும்!

அணையும் சுருங்கும்!

120 அடி உயர ஆழியாறு அணையின் கொள்ளளவு 3.864 டி.எம்.சி. அதாவது 386 கோடியே 40 லட்சம் கன அடி! இதை ஆர்-இல் முழு எண்ணாகப் போட்டால் என்ன காட்டும் தெரியுமா? 3.864ஈ+09. பத்து இலக்கம் ஒன்பது எழுத்தாகச் சுருங்கிவிட்டது. மிச்சம் பிடித்தது ஒரே ஒரு இடம்! அதற்காகவா இத்தனை அலங்கோலம்?

கமா யார் கையில்?

நமக்கு 1,23,45,678. அமெரிக்காக்காரனுக்கு 12,345,678. எக்செல்லில் இதை மாற்ற எக்செல்லுக்குள் தேடித் தேடிச் சலித்தவர்கள் எத்தனை பேர்! விண்டோஸில் அந்தச் சாவி எக்செல்லுக்குள் இல்லை, தெரியுமா? விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’, அதில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’, அதில் ‘டிஜிட் குரூப்பிங்’. அங்கே 12,34,56,789 என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எக்செல் லட்சத்திலும் கோடியிலும் பேச ஆரம்பித்துவிடும்!

1,250 பனியன் ஒன்றேகால் ஆன கதை!

திருப்பூர் கம்பெனி ஒன்று 1,250 பனியன் என்று எழுதிய பட்டியலை ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கமாதான் தசமப் புள்ளி! புள்ளிதான் ஆயிரம் பிரிக்கும் குறி! ஜெர்மன் செட்டிங் உள்ள கம்ப்யூட்டர் அதை எப்படிப் படிக்கும்? 1.25 பனியன்!

இந்தக் குழப்பத்துக்காகவே ஆர்-இல் சி.எஸ்.வி. ஃபைலைப் படிக்க இரண்டு கட்டளைகள் உண்டு. புள்ளி நாட்டுக்கு ஒன்று, கமா நாட்டுக்கு ஒன்று! ஸ்டேட்டாவிலும் தசமக் குறியைக் கமாவாக மாற்ற ஒரே வரி போதும்.

ஐந்து பை, ஐந்து காசு!

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ‘எடிட்’ மெனு, ‘ஆப்ஷன்ஸ்’, ‘கரன்சி’ டேப். திறந்தால் சி.சி.ஏ., சி.சி.பி., சி.சி.சி., சி.சி.டி., சி.சி.ஈ. என்று ஐந்து காலிப் பைகள்! டாலருக்கு ஏற்கெனவே தனி ஃபார்மட் உண்டு. ரூபாய்க்கு? நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

சி.சி.ஏ.-வைத் தேர்ந்தெடுங்கள். ‘ப்ரீஃபிக்ஸ்’ பெட்டியில் ரூபாய்க் குறியைப் போடுங்கள். மைனஸ் வந்தால் முன்னால் என்ன வரவேண்டும், பின்னால் என்ன வரவேண்டும் என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. தசமம் புள்ளியா, கமாவா என்று ஒரு தேர்வு. அவ்வளவுதான்! அங்கேயே மாதிரி எண் புது வேஷத்தில் நிற்கும்!

குறியைக் கொடுத்ததே நம்ம ஊர்க்காரர்!

அந்தப் பெட்டியில் போடும் ₹ குறியை வடிவமைத்தவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டில் பிறந்த உதயகுமார்! மத்திய அமைச்சரவை அதை ஏற்ற நாள் 2010 ஜூலை 15. அதே ஆண்டு அக்டோபரில், கம்ப்யூட்டர் எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடிலும் இடம் பிடித்துவிட்டது!

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதில் ‘ரூ’ போட்டது. நாடே பேசியது! எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் அந்தச் சண்டையே கிடையாது. ஒரு பையில் ₹, இன்னொரு பையில் ரூ. இரண்டுக்கும் இடமுண்டு!

மூன்றாவது ரூபாயும் இருக்கு!

யூனிகோடின் தமிழ்ப் பகுதியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ௹ என்று பழைய தமிழ் ரூபாய்க் குறி ஒன்று உட்கார்ந்திருக்கிறது! கூடவே வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵! தாத்தா காலத்துக் கணக்கு நோட்டில் இருந்த குறிகள் எல்லாம் இன்று உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கின்றன. எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவையில் பிறந்த அரசாணை!

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அந்த ஜூன் மாதத்தில்தான் தமிழக அரசு தமிழுக்கு யூனிகோடு முறையை அதிகாரபூர்வமாக ஏற்று அரசாணை போட்டது! மாநாடு முடிந்து 18 நாளில் ரூபாய்க் குறியும் வந்து சேர்ந்தது. ஒரே கோடையில் எழுத்துக்கும் காசுக்கும் கம்ப்யூட்டரில் பட்டா கிடைத்த மாதிரி!

நாலு எழுத்து, 18 பைட்!

‘ஆனைமலை’ என்பதில் எத்தனை எழுத்து? ஆ, னை, ம, லை. நாலுதானே? கம்ப்யூட்டருக்கு ஆறு! ‘னை’ என்பதை ‘ன’ தனி, ஐகாரக் குறி தனி என்று இரண்டாக எண்ணும். ‘லை’யும் அப்படியே. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 18! அதே பெயரை ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்தில் எழுதினால்? வெறும் 9 பைட்!

கோயம்புத்தூர் மூன்று தடவைதான்!

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஒரு மதிப்புக்குப் போடும் லேபிள் 120 பைட்டைத் தாண்டக் கூடாது. ‘கோயம்புத்தூர்’ எத்தனை பைட்? 39! நடுவில் இடைவெளி விட்டு மூன்று தடவை எழுதினால் 119. நாலாவது தடவைக்கு வாசலிலேயே நிறுத்திவிடும்! லேபிள்களைத் தமிழில் வைப்பவர்கள் சுருக்கமாக எழுதப் பழகுவது நல்லது.

திறந்த வீட்டில் பூட்டு மாற்றாது!

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் தமிழ் ஒழுங்காகத் தெரிய ‘யூனிகோடு’ செட்டிங் வேண்டும். மாற்றப் போனால் பெட்டி மங்கிக் கிடக்கிறதா? காரணம் தெரியுமா? டேட்டா ஃபைல் ஒன்று திறந்திருந்தால்கூட அதை மாற்ற விடாது! எல்லாவற்றையும் மூடிவிட்டு வரவேண்டும். இன்னொரு விநோதம்: பழைய முறையில் சேமித்த ஃபைலை யூனிகோடில் திறந்தால் எழுத்துப் புலங்களின் அகலம் தானாகவே மூன்று மடங்காகிவிடும்! 20 அகலம் வைத்த ஊர்ப் பெயர், 60 ஆகி நிற்கும்!

ஊர்ப் பெயருக்குப் பதில் 48 குறிகள்!

விண்டோஸில் பழைய ஆர் பதிப்புகளில் தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணையைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ‘ஆனைமலை’ என்று வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் எட்டுக் குறி வீதம் 48 குறிகள்! எல்லாம் கோண அடைப்பும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பு, புதிய விண்டோஸில் யு.டி.எஃப்-8 முறையையே இயல்பாக்கியது. தமிழ் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது!

மெனு ஒரு மொழி, விடை ஒரு மொழி!

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் மெனுவுக்குத் தனி மொழி, விடை அட்டவணைக்குத் தனி மொழி வைக்கலாம், தெரியுமா? மெனு ஆங்கிலத்தில் இருக்க, விடை ஜப்பானியத்தில் வரும்! கொரியன் உண்டு, போலிஷ் உண்டு, ரஷ்யன் உண்டு. தமிழ்? இல்லையே! ஆனால் மனம் தளர வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸில் தமிழ் இடைமுகமே உண்டு. மெனுவெல்லாம் தமிழில் பேசும்!

நடக்காத நாளிலிருந்து எண்ணும்!

எஸ்.பி.எஸ்.எஸ். தேதியை எப்படி வைத்துக்கொள்கிறது தெரியுமா? 1582 அக்டோபர் 14-இலிருந்து எத்தனை விநாடி என்று! அது என்ன நாள்? போப் பதின்மூன்றாம் கிரிகோரி புது காலண்டர் கொண்டுவந்தபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தார். அப்படியானால் ரோமில் 14-ஆம் தேதி என்று ஒன்று விடியவே இல்லை! நடக்காத நாள்தான் எஸ்.பி.எஸ்.எஸ்.-க்குப் பூஜ்யம்!

சுதந்திர தினத்துக்கு நாலு எண்!

1947 ஆகஸ்ட் 15. நமக்கு ஒரே நாள். மென்பொருள்களுக்கு?

எக்செல்: 17394. ஸ்டேட்டா: மைனஸ் 4522. ஆர்: மைனஸ் 8175. எஸ்.பி.எஸ்.எஸ்.: 1,151 கோடியே 30 லட்சத்து 59 ஆயிரத்து 200!

எக்செல் 1900-இலிருந்து நாளை எண்ணுகிறது. ஸ்டேட்டாவுக்கு 1960 ஜனவரி 1, ஆர்-க்கு 1970 ஜனவரி 1. தேதிப் புலத்தில் திடீரென்று எண் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஃபார்மட்டை மாற்றினால் தேதி எழுந்து வந்துவிடும்!

காலத்தின் தொடக்கம் உங்கள் விருப்பம்!

லிப்ரே ஆஃபீஸ் கால்க் இன்னும் ஒரு படி மேலே! ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘கால்குலேட்’ பக்கம் திறந்தால் மூன்று தேதிகள் இருக்கும். 1899 டிசம்பர் 30, 1900 ஜனவரி 1, 1904 ஜனவரி 1. பூஜ்ய நாள் எது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்! ஆனால் வேலையின் நடுவில் மாற்றிவிடாதீர்கள். 1904-க்குத் தாவினால் ஷீட்டில் இருக்கும் தேதிகள் எல்லாம் நாலு வருஷம் தள்ளிப் போய்விடும்!

இல்லாத பிப்ரவரி 29, இருக்கிற பிப்ரவரி 29!

1900 லீப் வருஷமா? இல்லை! ஆனால் எக்செல் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாளை இன்றும் ஒத்துக்கொள்கிறது. அந்தக் காலத்து லோட்டஸ் 1-2-3 செய்த பிழையை, ஃபைல்கள் ஒத்துப்போக வேண்டுமே என்று வேண்டுமென்றே சுமந்துகொண்டது! இந்தப் பக்கம் ஆர்-இன் 1.0.0 பதிப்பு எந்த நாளில் வந்தது தெரியுமா? 2000 பிப்ரவரி 29! நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிறந்தநாள்!

2068-இல் வைத்த தென்னை!

தோப்புப் பதிவேட்டில் கன்று வைத்த வருஷம் ‘68’, ‘69’ என்று இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. ஆர்-இடம் இதைத் தேதியாகப் படிக்கச் சொன்னால்? 69 என்பது 1969. சரி. 68? அது 2068! அறுபது வருஷம் நிழல் கொடுத்த நெட்டை மரம் இன்னும் நடப்படவே இல்லையாம்! 00 முதல் 68 வரை 20 சேர்ப்பதும், 69 முதல் 99 வரை 19 சேர்ப்பதும் அதன் விதி.

வருஷம் பிறந்தால் எல்லை நகரும்!

எஸ்.பி.எஸ்.எஸ். இதில் இன்னும் வேடிக்கை. நடப்பு ஆண்டுக்கு 69 வருஷம் பின்னால், 30 வருஷம் முன்னால் என்று எல்லை போடும். 2025-இல் அது 1956 முதல் 2055 வரை. 2026 பிறந்ததும் 1957 முதல் 2056 வரை! ‘56’ என்று எழுதிய மரம் டிசம்பர் 31 வரை பழைய மரம். ஜனவரி 1 விடிந்தால் எதிர்கால மரம்! ‘டேட்டா’ டேப்பில் ‘கஸ்டம்’ என்று தேர்ந்தெடுத்துத் தொடக்க வருஷத்தை நீங்களே போட்டுவிட்டால் இந்த நகர்வு நிற்கும்.

விஞ்ஞானிகளே பணிந்தார்கள்!

மனித மரபணுக்களில் ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்ற பெயரில் சில இருந்தன. எக்செல்லில் அடித்தால்? தேதியாகிவிடும்! மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை என்று 2016-இல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. கடைசியில் என்ன ஆச்சு? 2020-இல் 27 மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

அதற்குப் பிறகு, 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் டிக் பெட்டி எக்செல்லுக்கு வந்தது. ‘ஆப்ஷன்ஸ்’, ‘டேட்டா’வில் தேடுங்கள்!

24 என்ற மாய எண்!

வெளியிலிருந்து ஓர் எண் வரிசை வந்தால் அது பெயரா, அளவா என்று எஸ்.பி.எஸ்.எஸ். எப்படி முடிவு செய்யும்? வெவ்வேறு மதிப்புகள் 24-க்குக் குறைவாக இருந்தால் பொதுவாகப் பெயர் வகை. அதற்கு மேல் போனால் அளவு! அப்படியானால் 642-இல் தொடங்கும் பொள்ளாச்சி வட்டாரப் பின்கோடுகளை நிறையக் கொடுத்தால்? அளவு என்று எண்ணிக்கொள்ளும். கேட்டால் சராசரியும் போட்டுக் கொடுக்கும்! சராசரிப் பின்கோடுக்கு எந்தத் தபால்காரர் போவார்? ‘ஆப்ஷன்ஸ்’, ‘டேட்டா’ டேப்பில் 24-ஐ மாற்றலாம்!

ஒரே ஊர், பல ஊர்!

ஆங்கிலத்தில் ஆனைமலையை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் தெரியுமா? ஊர்ப் பெயரின் நடுவில் ‘ஐ’ வரும். புலிகள் காப்பகத்தின் பெயரில் அந்த ‘ஐ’ வராது. தேயிலைத் தோட்டக்காரர்களின் பழைய எழுத்துமுறையில் ‘எல்’ இரட்டிக்கும்! மென்பொருளுக்கு இவை மூன்று ஊர். முதல் எழுத்தைச் சிறியதாகப் போட்டால் எஸ்.பி.எஸ்.எஸ்.-க்கும் ஆர்-க்கும் இன்னொரு ஊர்! இதற்கு எந்த டிக்கும் உதவாது. கையால் திருத்தியே ஆகவேண்டும்!

நட்சத்திரத்தை அணைக்கலாம்!

ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கு விடைக்குப் பக்கத்தில் நட்சத்திரம் கண்டால்தான் உயிர்! ஆர்-இல் மூன்று நட்சத்திரம் என்றால் பி-மதிப்பு 0.001-க்குக் கீழே, இரண்டு என்றால் 0.01-க்குக் கீழே, ஒன்று என்றால் 0.05-க்குக் கீழே. இந்த நட்சத்திரங்களை ஒரே செட்டிங்கில் மொத்தமாக அணைத்துவிடலாம், தெரியுமா?

அதே விடைக்கு எத்தனை முகம் பாருங்கள்! பி-மதிப்பு மிகச் சிறியதானால் எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் பழைய பதிப்புகள் .000 என்று காட்டும். பூஜ்யமா? இல்லவே இல்லை! அந்தக் கட்டத்தை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போனால் முழு எண் தெரியும். ஆர்-இல் ‘2.2ஈ-16-க்கும் குறைவு’ என்று வரும். அது கணினி பிரித்தறியும் நுட்பத்தின் எல்லை; உங்கள் தோப்பின் விசேஷம் இல்லை!

தற்செயலுக்கும் தொடக்கம் உண்டு!

மென்பொருள் போடும் ‘தற்செயல்’ எண்கள் நிஜமாகவே தற்செயலா? கிடையாது! ஸ்டேட்டாவை எத்தனை தடவை புதிதாகத் திறந்தாலும், வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண் 123456789. அதே வரிசைதான் வரும்! எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் இயல்பான விதை 20,00,000.

ஆர் பயன்படுத்தும் முறைக்குப் பெயர் மெர்சென் ட்விஸ்டர். ஜப்பானின் மாட்சுமோட்டோ, நிஷிமுரா இருவர் உருவாக்கியது. ஒரு சுற்று முடிந்து பழைய வரிசை திரும்ப எத்தனை எண் போகவேண்டும் தெரியுமா? அந்த எண்ணை எழுத மட்டும் 6,002 இலக்கம் வேண்டும்!

இன்னொன்று: 2019-இல் வந்த ஆர் 3.6.0, மாதிரி எடுக்கும் விதியை மாற்றியது. அதே விதை, அதே கட்டளை, ஆனால் பழைய கம்ப்யூட்டரில் ஒரு மரம், புதிய கம்ப்யூட்டரில் வேறு மரம்!

எல்லாம் டைரியில் ஏறும்!

எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் நீங்கள் மெனுவில் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜர்னல் ஃபைலில் எழுதப்படுகிறது, தெரியுமா? இயல்பாகவே ஆன்! புதிய வேலை பழையதன் கீழே சேர்ந்துகொண்டே போகும். ‘ஃபைல் லொகேஷன்ஸ்’ டேப்பில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். போன மாதம் அந்த அட்டவணையை எப்படிப் போட்டோம் என்று மறந்துவிட்டதா? டைரியைத் திறங்கள்!

ஆர் ஸ்டூடியோ வேறு மாதிரி. முந்தைய வேலையின் மிச்சங்களை அடுத்த தடவை தானாகவே தூக்கி வந்து வைக்கும். ‘குளோபல் ஆப்ஷன்ஸ்’ திறந்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள் என்பதுதான் கைதேர்ந்தவர்கள் முதலில் சொல்லும் பாடம்!

தொடவே கூடாத டிக்!

எக்செல்லின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘செட் பிரசிஷன் ஆஸ் டிஸ்பிளேடு’ என்று ஒன்று இருக்கிறது. அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும்! கிலோ 28.47 ரூபாய் என்று போட்டு, தசமம் தெரியாமல் 28 என்று காட்ட வைத்திருக்கிறீர்கள். இந்த டிக்கைப் போட்டால்? உள்ளே இருந்த 47 பைசா நிரந்தரமாகக் காலி! டிக்கை எடுத்தாலும் திரும்பாது!

பதினாறாவது இலக்கம் பூஜ்யம்!

எக்செல்லுக்கு 15 இலக்கம் வரைதான் துல்லியம். 16 இலக்க கார்டு எண்ணை எண்ணாகவே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்! 12 இலக்க ஆதார் எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் திரையில் ஈ+11 வேஷம் கட்டும். வழி என்ன? அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்!

15,841 நோயாளிகள் விடுபட்டார்கள்!

2020 இங்கிலாந்து. கொரோனா காலம். 15,841 பேரின் பரிசோதனை முடிவு உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை! காரணம்? பழைய எக்செல் ஃபார்மட்! அதில் 65,536 வரிசைதான் கொள்ளும். 2007-க்குப் பிந்தைய ஃபார்மட்டில் 10,48,576 வரிசை! எந்த ஃபார்மட்டில் சேமிக்க வேண்டும் என்பதும் ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிதான்!

657 நிறம், அதில் 202 சாம்பல்!

ஆர்-க்குப் பெயர் சொல்லித் தெரிந்த நிறங்கள் எத்தனை தெரியுமா? 657! ‘பப்பாயா விப்’ என்றுகூட ஒரு நிறம் உண்டு! சாம்பலுக்கு மட்டும் 0 முதல் 100 வரை 101 பெயர். அமெரிக்க எழுத்துமுறையில் ஒரு தடவை, பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இன்னொரு தடவை. ஆக 202!

2020-இல் வந்த 4.0.0 பதிப்பு இயல்பான நிறங்களையே மாற்றியது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமே! ஸ்டேட்டாவில் ‘எகானமிஸ்ட்’ என்று ஒரு தோற்றமே உண்டு. ஒரு கட்டளையில் உங்கள் தேங்காய் விலை வரைபடம் லண்டன் பத்திரிகைப் படம் மாதிரி மாறிவிடும்!

34 வருஷம் கேட்ட கேள்வி!

ஸ்டேட்டா 1985-இல் வந்தது. விடை நீளமாக வந்தால் திரை நிரம்பியதும் ‘மோர்’ என்று நின்றுவிடும். பட்டனைத் தட்டினால்தான் நகரும்! அதை நிறுத்துவதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஃபைலின் முதல் வரியில் ‘செட் மோர் ஆஃப்’ என்று எழுதினார்கள். 2019-இல் வந்த 16-ஆம் பதிப்பில்தான் அது இயல்பிலேயே நின்றது!

பெயரிலும் குறும்பு!

ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருளின் முழுப்பெயர் என்ன தெரியுமா? ‘ஜெஃப்ரீஸின் அற்புதப் புள்ளிவிவர நிரல்’! ஹெரால்டு ஜெஃப்ரீஸ் என்ற அறிஞரின் நினைவாக ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் வைத்தது. அதிலும் ‘பிரிஃபரன்சஸ்’ உண்டு. கறுப்புத் திரையும் உண்டு!

எஸ்.பி.எஸ்.எஸ்.-க்கு இலவச மாற்று பி.எஸ்.பி.பி. எழுத்தைப் புரட்டிப் போட்ட மாதிரி இருக்கிறதா? அந்தப் பெயருக்கு விரிவே கிடையாது! ஆர் பதிப்புகளுக்கோ ‘பீநட்ஸ்’ கார்ட்டூனிலிருந்து செல்லப் பெயர்கள். நிறம் மாற்றிய அந்த 4.0.0-இன் பெயர் ‘ஆர்பர் டே’. மரம் நடும் நாள்!

1968-இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று பேர் உருவாக்கிய எஸ்.பி.எஸ்.எஸ்.-ஐ 2009-இல் ஐ.பி.எம். என்ன விலைக்கு வாங்கியது தெரியுமா? 120 கோடி டாலர்!

கோவைக்கும் சொந்தச் சரக்கு உண்டு!

சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு வேளாண் பள்ளி. 1906-இல் கோவைக்கு வந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. இங்கிருந்து 2014-இல் வந்ததுதான் ‘டி.என்.ஏ.யு.ஸ்டாட்’ என்ற புள்ளிவிவரத் தொகுப்பு! பயிர் ரக ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். இந்தப் பெயர் கண்ணில் படும். அதே பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் நம் ஆனைமலைக்குப் பக்கத்தில், ஆழியாறு நகரிலேயே இருக்கிறது!

இப்போதே ஐந்து பெட்டி பார்த்துவிடுங்கள்!

டேட்டா அடிக்க உட்காரும் முன் ஐந்தே நிமிஷம் ஒதுக்குங்கள். ஒன்று, எழுத்து யூனிகோடா? இரண்டு, தசமம் புள்ளியா, கமாவா? மூன்று, இரண்டு இலக்க வருஷம் எந்த நூற்றாண்டுக்குப் போகிறது? நாலு, தானாகத் தேதியாக்கும் டிக் அணைந்திருக்கிறதா? ஐந்து, ஃபைல் எந்த ஃபார்மட்டில் சேமிக்கிறது? வருஷத்தை மட்டும் எப்போதும் நாலு இலக்கத்திலேயே எழுதுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

பத்தாயிரம் வரிசை அடித்த பிறகு இவற்றைத் திருத்த நாள் கணக்கில் ஆகும். முதலிலேயே திருத்தினால் ஐந்து கிளிக்தானுங்க!